பன்னிரண்டாவது பாட்டின் படிவம்

காலை எட்டு மணி, பன்னிரண்டு படிவங்கள், முதல் பெயர் குன்னூர் சாமுவேல் வாத்தியார். ஏற்கெனவே பதிவான மலைப் பாட்டுகளைச் சேர்த்து ஒரு தொகுப்பு கேசட் போட எங்கள் கோயம்புத்தூர் கம்பெனி முடிவு செய்திருந்தது. பாடியவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குவது என் வேலை. கையெழுத்துக்காக ஒரே வாசலில் மூன்று முறை நின்றவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அடுத்த பாட்டு

சாமுவேல் வாத்தியார் தேவாலயப் பாடகர் குழுவை நடத்துபவர். படிவத்தை இரண்டு முறை படித்தார். தொகையைக் கேட்கவில்லை, பாட்டு வரிசையைக் கேட்டார். சொன்னதும் பேனாவை மூடினார். வரிசையை அங்கேயே மாற்றி எழுதிய பிறகுதான் கையெழுத்துக் கிடைத்தது.

"ஏனுங்க, அடக்க ஆராதனையில பாடற பாட்டுங்க இது. அது முடிஞ்ச கையோட கல்யாண மேளம் அடிப்பீங்களா?"

இரண்டு குரல்

பந்தலூர் மாரியாயி சிலோனிலிருந்து திரும்பி வந்து தேயிலைக் கொழுந்து பறிப்பவர். அவரும் மகள் ராணியும் சேர்ந்து பாடியது எங்கள் பன்னிரண்டாவது பாட்டு. கப்பலேறுவதற்கு முன் அங்கே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாரோ பதிவு செய்தது. மருமகனுக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததால் ராணி அங்கேயே தங்கிவிட்டார். எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு ஐந்து வருடமாகக் கடிதம் இல்லை. மாரியாயி தன் பங்குக்கு உடனே கைநாட்டு வைத்தார்.

"கேசட்டு எங்கெங்கயோ போகுமாமே ஐயா. அங்கிட்டும் போச்சுன்னா, அம்மா உசுரோட இருக்கான்னு தெரிஞ்சுக்குவா இல்ல?"

மேலாளர் சொன்ன வழி

ராணியின் அனுமதிக்கு என்ன செய்வது? பஜாரிலிருந்து மேலாளருக்குப் போன் செய்தேன். படிவத்தில் இரண்டே வழி: பாடியவரின் கையெழுத்து, அல்லது 'காலமானார்' என்று குறித்து, வாரிசின் கையெழுத்து.

"அஞ்சு வருசமா சேதி தாக்கல் இல்லைன்னா அப்புறம் என்னங்க? காலமானார்னு போட்டு அந்தம்மா கைநாட்டையே வாங்கிட்டு வாங்க. யாரு வந்து கேக்கப் போறாங்க?"

படித்துக் காட்டியது

மாரியாயிக்குப் படிக்கத் தெரியாது. 'காலமானார்' என்று நான் எழுதியதைச் சொல்லாமலே வாங்கியிருக்கலாம். விரலில் மை தடவிய பிறகுதான், ஏனோ, வாய்விட்டுப் படித்தேன். அவர் விரலை இடுப்பில் கட்டியிருந்த சாக்கில் அழுத்தித் துடைத்தார்.

"பாட்டு வராட்டிப் போகுது ஐயா. எம் மகளக் கடுதாசியில சாகடிக்காதீங்க."

கேசட் பதினொரு பாட்டோடு வெளிவந்தது. நான் விட்டுவந்த வெற்றுப் படிவத்தை மாரியாயி சிலோனில் இருந்த பழைய தோட்டத்து விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறார். என் கைக்கு ஒரு கட்டமும் விடுபடாமல் வந்த ஒரே படிவம், ராணியின் கையெழுத்தோடு, கம்பெனி விலாசத்திலிருந்து என் வீட்டுக்குத் திருப்பிவிடப்பட்டு 1992 மார்ச்சில் வந்தது. கம்பெனியைப் பிப்ரவரியிலேயே மூடிவிட்டார்கள்.