மூன்று பூட்டுப் போட்ட வலைகள்

2004 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு மதுரை ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறினேன். தேனிக்கு எழுபத்தைந்து கிலோமீட்டர் தூரம். ஜன்னலோர இருக்கை கிடைத்ததில் எனக்கு ஏகக் குஷி.

நான் அம்பாசமுத்திரத்துக்காரன். எங்கள் தாமிரபரணியில் பூமீன்கெண்டை கண்ணில் பட்டு வருடக்கணக்காகிறது. முல்லையாற்றில் மீனவர்கள், விவசாயிகள், அரசு மீன்வள அலுவலகம் மூன்று தரப்பும் கூட்டுக் குழு வைத்து அந்த மீனை மீட்டு வருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுடைய விதிகளை எழுதிக்கொண்டு வந்து எங்கள் ஊரிலும் ஒரு குழு தொடங்குவது என் திட்டம். திட்டம் போடுவதில் நான் பெரிய சூரன்.

எட்டேகாலுக்குத் தேனி. ஒரு டீ குடித்துவிட்டுக் கம்பம் வண்டியில் சின்னமனூருக்கு எட்டு ரூபாய் டிக்கெட் வாங்கினேன். ஆற்றைப் பார்க்கப் போவதாகச் சொன்னதும் நடத்துநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஆத்துல தண்ணியே இல்லையே சார். மேல அணையில ஏதோ வேலைன்னு நிப்பாட்டிட்டாக. எதப் பாக்கப் போறீக?"

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன்.

சின்னமனூரில் வண்டி மாறி, ஒன்பதரைக்கு அந்தக் குழு இருக்கும் மார்க்கையன்கோட்டை. மீனவர் தரப்பின் தலைவி பேச்சியம்மாள் எனக்காக வீட்டில் காத்திருக்கவில்லை, ஆற்றங்கரையில் இருந்தார். ஆற்றில் ஆழமான மடுவை இங்கே கசம் என்கிறார்கள். குழு காப்பாற்றி வந்த கசம் ஒரு பந்தலளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. சேற்றுத் தண்ணீருக்கு மேலே ஏழெட்டு மீன்களின் முதுகு தெரிந்தது. ஒவ்வொன்றும் கைப்பிள்ளை நீளம் இருக்கும். வாயைத் திறந்து திறந்து மூடின.

"அரை மைல் கீழ, பாலத்தடியில தண்ணி கிடக்கு. அங்கன கொண்டுபோய் விட்டாப் பொழச்சுக்கும். வலை வேணும்," என்றார்.

மீனவர் ஊரில் வலைக்கா பஞ்சம் என்று கேட்டேன். கரைமேல் இருந்த ஓட்டு அறையைக் காட்டினார். வீட்டில் வலை இருந்தால் கை சும்மா இருக்காது என்று, மூன்று வருடம் முன்பு நாற்பது வீட்டுக்காரர்களும் தங்கள் வலைகளை அந்த அறையில் போட்டுவிட்டார்கள். தரப்புக்கு ஒன்றாகக் கதவில் மூன்று பூட்டு. மூன்று பேரும் வந்தால்தான் திறக்கலாம். அலுவலகச் சாவி வைத்திருந்தவர் போன மாதம் மாற்றலாகித் திண்டுக்கல் போனார். சாவியும் அவரோடு போய்விட்டது. போன் செய்திருக்கிறார்கள், வருகிறாராம்.

பதினொரு மணிக்கு விவசாயிகள் தரப்பின் செல்லப்பாண்டி தன் சாவியோடு வந்தார்.

"தண்ணி நிறுத்தப் போறது எனக்குப் போன வாரமே தெரியும். வியாழக்கிழம கூட்டத்துல சொல்லிக்கிருவோம்னு இருந்துட்டேன் ஆத்தா," என்றார்.

அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் எனக்கு ஆத்திரம் வந்தது. நானும் எத்தனையோ விஷயங்களை அப்படி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போட்டவன்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

பூட்டை உடைத்தால் என்ன, பக்கத்து ஊர் வலையை வாங்கினால் என்ன என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன்.

"உடைக்க ஒரு கல்லு போதும் சார். என் பேச்சக் கேட்டு நாப்பது வீடு மூணு வருசமா ஆத்துல எறங்கல. எங்க வீட்டுக்காரரு சூளையில செங்கல் சுமக்குறாக. இன்னைக்கு நான் உடைச்சா, நாளைக்கு ஆளுக்கொரு கல்லோட வருவாக. மூணு தரப்பும் நிக்காம வேத்து ஊரு வலை எறங்குனாலும், சேலைய வச்சு அள்ளுனாலும் அதே கததான்."

வெயில் ஏறியது. இரண்டு மீன்கள் மல்லாந்தன.

இரண்டே முக்காலுக்கு அலுவலர் சாலையிலிருந்து ஓடி வந்தார். மூன்று பேருந்து மாறி, சாப்பிடாமல் வந்திருந்தார். நல்ல மனிதர், அவரைத் திட்டவும் முடியவில்லை. மூன்று பூட்டும் திறந்தன. முதல் வலையைப் பேச்சியம்மாள் உதறினார். கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். அடுத்ததும் அப்படியே. மூன்று வருடமாக எலிகளுக்கு மட்டும் எந்தச் சாவியும் தேவைப்படவில்லை.

மீனவர் வீட்டுப் பெண்கள் பழைய சேலைகளைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு சேற்றில் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். ஒவ்வொன்றாகச் செத்த மீன்களே வந்தன. ஒன்று மட்டும் செவுளை அசைத்தது. அதை அண்டாவில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பாலத்தடியில் பேச்சியம்மாள் மார்பளவு நீரில் நின்று, மீனை இரு கைகளிலும் ஏந்தி, முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார். கால்மணி நேரம் அசைத்திருப்பார். அது செத்துவிட்டது என்று கரையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த பிறகும் அவர் விடவில்லை.

நாற்பது வீட்டில் ஒருவர்கூட ஒரு மீனைக் குழம்புக்கு எடுக்கவில்லை. கரையில் குழி வெட்டிப் புதைத்தார்கள். பிறகு நடந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்று பேரும் திரும்பப் போய், அந்தக் கிழிந்த வலைகளை உள்ளே போட்டு, மூன்று பூட்டையும் பூட்டினார்கள். கூட்டம் முடிவெடுக்கும் வரை அதுதான் விதியாம்.

ஐந்தரை மணிக்குச் சின்னமனூர் போகும் வண்டி. எங்கள் ஊரில் யாரும் கூடிப் பேசவில்லை, மீன் போயிற்று. இங்கே மூன்று வருடம் வயிற்றைக் கட்டிக்கொண்டு கூடிப் பேசினார்கள், அப்படியும் போயிற்று. மனம் விட்டுப்போனது. வழியனுப்ப வந்த பேச்சியம்மாளின் சேலையில் சேறு காய்ந்திருந்தது.

"உங்க ஊர்ல ஆரம்பிச்சா, மூணாவது சாவிக்காரரு ஆத்தங்கரையில குடியிருக்காரான்னு மொதல்ல பாத்துக்கங்க சார்," என்றார்.

சரி என்று தலையாட்டினேன். எங்கள் ஆற்றில் மீட்பதற்கு ஒரு மீனாவது மிச்சமிருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. அதை அவரிடம் சொல்லாமலே வண்டியில் ஏறினேன்.