நான் உள்ளே நின்ற நேரம்

கல்லூரி டீமில் கூடைப்பந்து ஆடிய மூன்று வருடங்களிலும் நான் போட்ட கூடைகள் மிகக் குறைவு. பாயின்ட் எல்லாம் எங்கள் டீமிலிருந்த ஓர் உயரமான பெண்தான் எடுப்பாள். பேப்பரில் செய்தி வந்தால் அவள் பெயர் வரும். என் வேலை வேறு மாதிரி. எதிர் அணியில் நன்றாக ஆடுகிறவளை நகரவிடாமல் மறிப்பேன். உயரக்காரிக்கு வழி விடுவதற்காக அவளைத் துரத்தி வருகிறவளுக்குக் குறுக்கே போய் நிற்பேன். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்துக்கு முதுகால் இடம் பிடிப்பேன். இதில் பாதியை ஸ்கோர் ஷீட்டில் எழுத இடமே கிடையாது. முதல் வருடம் பெரும்பாலும் பெஞ்சில்தான் இருந்தேன்.

எங்களுடையது நாகர்கோவில் பக்கத்திலிருந்து மலையாள நாட்டுக்குப் பிழைக்க வந்த குடும்பம். அப்பாவுக்குச் சாலை பஜாரில் பலசரக்குக் கடை, கரமனையில் வாடகை வீடு. பெண் பிள்ளை டிராயர் போட்டுக்கொண்டு ஆடுவது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "அண்ணன் கூடப் போனா போட்டும்" என்று அப்பா சொன்னதால் தப்பித்தேன். அண்ணன் அப்போது எம்.எஸ்ஸி. புள்ளியியல் படித்துக்கொண்டிருந்தான். விளையாட்டு என்றால் அவனுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குக் காவலாக வந்து, பார்வையாளர் காலரியின் சிமென்ட் படியில் உட்கார்ந்திருப்பான். பொழுது போகாமல்தான் அந்தக் கணக்கை ஆரம்பித்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு நாள் ஆட்டம் முடிந்து பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது கேட்டான். "ஏ பிள்ளே, ஒங்க சார் ஒன்ன ஏன் எப்பமும் வெளிய இருத்தி வச்சிருக்காரு?"

"நான் பாயின்ட் எடுக்கல்லேல்லா."

"நீ எடுத்த பாயின்ட நான் எண்ணவே இல்ல. நீ உள்ள நிக்கச்சில நம்ம டீம் எவ்வளவு போட்டுது, எதிர் டீம் எவ்வளவு போட்டுது, அத மட்டும் பாத்தேன். நீ வெளிய வந்த பொறவும் அதேதான் பாத்தேன். நீ இருக்கச்சில நாம முன்னால போறோம். நீ வந்து ஒக்காந்தா கீழ போறோம்."

நான் சிரித்தேன். உயரக்காரியும் கூட நிற்கிறாளே, அது அவளால்தானே என்றேன். அதையும் யோசித்து வைத்திருந்தான். அவள் என்னுடன் ஆடிய நேரத்தைத் தனியாகவும், நான் இல்லாமல் ஆடிய நேரத்தைத் தனியாகவும் பிரித்துப் பார்த்திருந்தான். நான் இல்லாதபோது அவளுக்கே கூடைகள் விழுவது குறைந்துவிடுகிறதாம். எதிரில் நிற்பது பலமான டீமா, லேசான டீமா என்பதையும் கணக்கில் சேர்த்திருந்தான். பழைய கேள்வித்தாள்களின் பின்பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக எழுதியிருந்ததை வீட்டுக்கு வந்து காட்டினான். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அன்று ராத்திரி சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் என்ன செய்கிறேன் என்பதை முதன்முதலாக ஒருவர் பார்த்திருக்கிறார்.

அவனே போய் எங்கள் கோச்சிடம் பேசினான். கோச் மலையாளி, முன்கோபி. முதலில் விரட்டிவிட்டார். இரண்டு மூன்று ஆட்டங்கள் தோற்ற பிறகு, "ஷெரி, நோக்காம்" என்று என்னை முதல் ஐந்து பேரில் இறக்கினார். நாங்கள் ஜெயிக்க ஆரம்பித்தோம். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு கோச் காலரியில் அண்ணன் பக்கத்தில் போய் உட்காருவது வழக்கமாயிற்று. யாரை யாருடன் இறக்கலாம் என்று அவனைக் கேட்பார். அண்ணனுக்குப் பெருமை பிடிபடவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டே வருவான். அந்த ஒரு வருடம் போல நாங்கள் நெருக்கமாக இருந்தது கிடையாது.

கடைசி வருடம் மழைக்காலத்தில், நனைந்திருந்த கோர்ட்டில் வழுக்கி வலது கால் முட்டு திருகிக்கொண்டது. வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் சட்டென்று திரும்பினால் முட்டு இடம் விட்டு நழுவுவது போல இருக்கும். நான் யாரிடமும் சொல்லவில்லை. கல்லூரிகளுக்கிடையேயான போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பெண்களுக்கு வேலை கொடுக்கும் ஓர் அலுவலகத்திலிருந்து ஆள் பார்க்க வருகிறார்கள் என்று கோச் சொல்லியிருந்தார். டிகிரி முடிந்ததும் எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குள் ஒரு வேலை கிடைத்துவிட்டால் ஆட்டத்தை விடவேண்டியிருக்காது.

பயிற்சி ஆட்டங்கள் சில நடந்தன. ஒரு சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து கதவோரம் நின்றான்.

"ஒனக்கு முட்டு வலிக்கா?"

"இல்லியே."

"நீ உள்ள நிக்கச்சில அவங்க போடுகது கூடிட்டே போவுது. ஒன் பக்கமாட்டாக்கும் எல்லாரும் உள்ள வாராங்க. ஒரு மேட்சுன்னா பரவாயில்லை. எல்லாத்துலயும் அப்படித்தான் இருக்கு."

நான் கதவைச் சாத்திவிட்டு முட்டைக் காட்டினேன். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணே, இந்த ஒரு டோர்னமென்ட் மட்டும். வேலை கிடைச்ச பொறவு ஆஸ்பத்திரிக்குப் போறேன். சார் கேட்டா நல்லாத்தான் இருக்குன்னு சொல்லீரு. நீ சொன்னா அவரு நம்புவாரு."

"நீயே சார்ட்ட சொல்லேன்."

"சொன்னா எறக்க மாட்டாரு."

அவன் கையை விடுவித்துக்கொண்டான். "இப்பம் நான் பொய் சொன்னா, அன்னைக்கு ஒன்ன எறக்கணும்னு சொன்னதும் பொய்யாயிரும் பிள்ளே" என்றான். அப்படியும் அவன் எனக்காகச் சொல்லிவிடுவான் என்றே நம்பினேன்.

ஆட்டத்தன்று காலையில் கோச் வழக்கம்போல அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஷூ கயிற்றைக் கட்டியபடி நான் கீழிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தலையைக் குனிந்தபடியே ஏதோ சொன்னான். கோச் எழுந்து என்னைப் பார்த்தார், அப்புறம் என் காலைப் பார்த்தார். இறங்கி வந்து தோளில் கை வைத்து, "மோளே, இன்னு நீ இரிக்கு" என்று பெஞ்சைக் காட்டினார். அந்த முன்கோபி அவ்வளவு மெதுவாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

எனக்குப் பதிலாக இறங்கியவள் ஒரு ஜூனியர். நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்தாள். மறித்தாள், வழி விட்டாள், பந்துக்கு இடம் பிடித்தாள். உயரக்காரிக்குக் கூடைகள் விழுந்தன. அன்றும் ஜெயித்தோம், அடுத்து ஃபைனலிலும் ஜெயித்தோம். தோற்றிருந்தால் எனக்கு ஒரு பிடிமானம் இருந்திருக்கும். கோப்பையோடு போட்டோ எடுக்கும்போது என்னையும் இழுத்து நடுவில் நிறுத்தினார்கள். நான் காலரியைப் பார்த்தேன். எல்லோரும் எழுந்து கைதட்டிக்கொண்டிருந்தபோது அண்ணன் மட்டும் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

பஸ்ஸில் அவன் பக்கத்து இடம் காலியாக இருந்தது. நான் முன்னால் போய் நின்றுகொண்டேன். வீட்டில் அம்மா, "செயிச்சாச்சா?" என்று கேட்டாள். "ஆச்சு" என்றேன். வேலை உயரக்காரிக்கும் அந்த ஜூனியருக்கும் கிடைத்தது.

பின்னால் டாக்டர் முட்டைப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு தடவை விழுந்திருந்தால் நடக்கவே கஷ்டப்பட்டிருப்பாய் என்றார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் ஒங் காலைக் காப்பாத்தினான் மக்ளே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அதை மனதில் வைத்து அவன் செய்யவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சீக்கிரமே புனேயில் வேலை கிடைத்துப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் பண்ணுவான். அம்மா பேசிவிட்டு ரிசீவரை என்னிடம் தருவாள். "நல்லாயிருக்கியா?" "நல்லாயிருக்கேன்." அவ்வளவுதான். எனக்குக் கல்யாணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது, மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இத்தனையிலும் ஒன்றை மட்டும் உள்ளே வைத்திருந்தேன். கூடை போடாத ஒருத்தியால் ஒரு டீம் ஜெயித்தது. அதற்குக் கணக்கு இருக்கிறது. மனசு சோர்ந்த நாட்களில் அதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ஆபீஸுக்கு இன்டர்நெட் வந்த பிறகு, ஒரு மத்தியானம் வேறெதையோ தேடப்போய் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. அமெரிக்காவில் பெரிய டீம்கள் சம்பளத்துக்கு ஆள் வைத்து, ஓர் ஆட்டக்காரன் உள்ளே நிற்கும்போது ஸ்கோர் எப்படிப் போகிறது என்று பார்க்கிறார்களாம். கூட நிற்பவர்களையும் எதிரில் நிற்பவர்களையும் சேர்த்துக் கழித்துப் பார்க்கிறார்களாம். காலரிப் படியில் அண்ணன் செய்த அதே கணக்கு. அவன் மேலிருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்காமல் நானே போன் பண்ணினேன்.

"அண்ணே, ஒன் கணக்க அமெரிக்காவுல செய்யானுவ!"

"தெரியும் பிள்ளே. நானும் வாசிச்சேன். நான் செய்தது தப்பு."

"என்ன தப்பு?"

"அவங்க எத்தனையோ மேட்ச வச்சுப் பாக்கானுவ. அப்படிப் பாத்தே தடுமாறுகானுவ. நான் ஒரு கை வெரல்ல எண்ணுத அளவு பயிற்சி மேட்ச வச்சுக்கிட்டு சொல்லீட்டேன். அதுல ஒண்ணும் தெரியாது. சும்மா அதிர்ஷ்டத்துல கூட அப்படி வரும். எனக்கு அப்பம் அது புரியல்ல. ஒன் வாழ்க்கையில விளையாடீட்டேன்."

அவன் அழுவது கேட்டது. "முட்டு நெசமாட்டுப் போயிருந்துதே அண்ணே" என்றேன்.

"அது டாக்டர் சொன்னது. என் கணக்கு சொன்னது இல்ல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கேள்வி வாய்க்கு வந்துவிட்டது.

"அப்பம் மொதல்ல சொன்னியே, நான் உள்ள நின்னா நாம செயிக்கோம்னு. அது?"

அவன் பொய் சொல்ல வேண்டும் என்று நான் ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அதுவும் அப்படித்தான் பிள்ளே" என்றான். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். சொல்ல முடியாது."

நான், சரி, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்து பற்றி சேச்சி?" என்று கேட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டு பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் போன் பண்ணினான். தன் மகளுக்கு வந்திருந்த காய்ச்சல் விட்டுவிட்டது என்றான். இங்கே மழை என்றேன். இப்போதும் வாரம் தவறாமல் பேசுகிறோம். அந்த மூன்று வருடங்களைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.