பெரியம்மா குடித்த பால்

பால் குடித்தால் எனக்கு வயிறு ஊதும். விஷயம் இவ்வளவுதான். போன மாதம் திண்டிவனத்தில் ஒரு டாக்டர் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லி முடித்தார். பாலில் இருக்கிற சர்க்கரையைச் செரிக்க வைக்கும் சுரப்பு என் குடலில் குறைவாம். செரிக்காதது பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, காற்றாகவும் வலியாகவும் பேதியாகவும் படுத்துமாம். "பாலை நிறுத்திடுங்க. மோர் ஒத்துக்கிச்சுன்னா குடிங்க" என்றார். எனக்கு நிம்மதி வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

எங்கள் ஊர் விக்கிரவாண்டிக்குப் பக்கம். பெரியப்பா வீடு அடுத்த வாசல். பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், தன் மாட்டுப் பாலைக் காய்ச்சிச் சர்க்கரை போட்டு ஒரு டம்ளர் தருவார். எங்கள் வீட்டில் மாடு கிடையாது. கேப்பைக் கூழும் வரக்காப்பியும்தான்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வயிறு உப்பிக்கொண்டு கடமுடவென்று சத்தம் போடும். அப்புறம் ஓட்டம்தான். பெரியம்மா வீட்டுக்குப் போகாத நாளில் ஒன்றும் இருக்காது. அம்மா இதைக் கவனித்தாள். கவனித்தது சரி. அதற்கு அவள் கண்டுபிடித்த காரணம்தான் என்னை இன்றுவரை கொதிக்க வைக்கிறது.

அனந்தபுரத்துப் பக்கம் இடுமருந்து எடுக்கிற ஒருவரிடம் என்னை இழுத்துப் போனாள். தின்பதிலோ குடிப்பதிலோ மருந்து வைத்து அடுத்தவர் பிள்ளையை மயக்குவார்கள் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. அம்மா முதலிலேயே எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டாள். அவர் என் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சி, கறுப்பாக எதையோ துப்பிக் காட்டினார். அது அவர் வாயிலேயே இருந்திருக்கும் என்று அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

"புள்ள இல்லாதவ கை. வெள்ளையா எதுலயோ குடுத்துக்கினு இருக்கா" என்றார்.

அன்று சாயங்காலம் பெரியம்மா டம்ளரோடு எங்கள் வாசலுக்கு வந்தார். அம்மா தெருவே கேட்கும்படி கத்தினாள்.

"எம் பொண்ணுக்கு மருந்து வெச்சி இழுத்துக்கலாம்னு பாக்கறியா? உனக்கு இல்லன்னா எங்குடியக் கெடுப்பியா?"

அப்பாவும் பெரியப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள்.

"நான் போயி அப்டிப் பண்ணுவனாம்மா?" என்று மட்டும் பெரியம்மா கேட்டார். பிறகு எல்லோரும் பார்க்க, கையிலிருந்த பாலை ஒரே மடக்கில் குடித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"மாத்து மருந்து தின்னுட்டுத்தான் வந்துருப்பா" என்றாள் அம்மா.

அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. பெரியம்மா மாட்டை விற்றுவிட்டார். அதற்குப் பிறகு அம்மாவே கடையில் பால் வாங்கிக் கொடுத்தாள். அப்போதும் வயிறு ஊதியது. பழைய மருந்து இன்னும் உள்ளே இருக்கிறது என்றாள். கொஞ்சம் யோசித்திருக்கக் கூடாதா? பெரியம்மாவின் சாவுக்குக்கூட அவள் போகவில்லை, என்னையும் விடவில்லை.

டாக்டர் சொன்னதை நான் இனி யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று வாசற்படியில் நின்ற எனக்கு எதுவும் விளங்கவில்லை. எனக்குக் கொண்டுவந்த பாலைத் தானே குடித்துவிட்டாரே என்று பெரியம்மா மேல்தான் கோபம் வந்தது.