மெர்காதா பொறுக்கிய அரிசி

சலோனிக்கா துறைமுகத்துக்கு மேலே, ஏறுகிற யாரையும் இரண்டு இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கவைக்கும் ஒரு சந்து. சந்து முடிகிற இடத்தில் ஒரு முற்றம். சுற்றிலும் ஏழு யூத வீடுகள், நடுவில் கிணறு, கிணற்றோரம் ஓர் அத்திமரம், அத்திமரத்தில் யாருடையது என்று யாரும் ஒப்புக்கொள்ளாத ஒரு பூனை. இந்த முற்றத்தில்தான் மெர்காதா பிறந்தாள். கட்டிக்கொண்டதும் இதே முற்றத்துப் பையனை. எதிர்வீட்டு மாப்பிள்ளை என்பதால் சீர்ப்பெட்டியை ஏற்ற வண்டிகூடத் தேவைப்படவில்லை. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு கிணற்றைச் சுற்றிப் போனார்கள், அவ்வளவுதான் ஊர்வலம்.

கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு ஒரு பொல்லாத காய்ச்சல் வந்தது. சாவு வந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்று சொல்ல வேண்டுமல்லவா? பெற்றவர்கள் அவளைப் பக்கத்து வீட்டுக்காரிக்கு விற்பதுபோல விற்று, பெயரை மாற்றிவிட்டார்கள். மெர்காதா என்றால் விலைக்கு வாங்கியவள். சாவும் ஏமாந்து போனது. பிறகு பிறந்த தங்கைக்கு ஜோயா என்று பெயர். ஜோயா என்றால் நகை.

"உனக்கென்னடி, உன்னை நகைன்னு கூப்பிட்டாங்க. என்னைச் சந்தைச் சாமான்னு கூப்பிட்டாங்க" என்று மெர்காதா தங்கையிடம் சொல்லிக்காட்டாத நாளே கிடையாது. போன வருடம் வரைக்கும். போன வருடப் பஸ்கா பண்டிகையோடு அக்கா தங்கைக்குள் பேச்சு நின்றுபோனது. காரணம் ஒரு கோதுமை மணி.

பஸ்கா வந்தால் வீட்டில் புளித்த மாவு என்று பேருக்குக்கூட ஒன்றும் இருக்கக்கூடாது. எகிப்தில் பார்வோன் ராஜாவின் அடிமைத்தனத்தை விட்டு ஓடியபோது முன்னோர்களுக்கு மாவு புளிக்க நேரமில்லை. அந்த அவசரத்தை இவர்கள் எட்டு நாள் நிதானமாகக் கொண்டாடுவார்கள். ரொட்டி கிடையாது, ரவை கிடையாது. அரிசி உண்டு. வடக்கே உள்ள யூதர்கள் அரிசியையும் தொடமாட்டார்களாம். அப்புறம் எப்படி உயிரோடு இருக்கிறார்கள் என்பது முற்றத்துப் பெண்களுக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் அரிசியோடு அரிசியாக ஒரே ஒரு கோதுமை மணி ஒளிந்திருந்து, சட்டிக்குள் போய் உப்பிவிட்டால் அதுவும் புளித்த கணக்குதான், சட்டியே போச்சு. அதனால் வெள்ளைத் துணியை விரித்து, அரிசியைக் கொட்டி, மூன்று முறை பொறுக்க வேண்டும்.

அந்த முற்றம் முழுவதற்கும் அரிசி பொறுக்கியது மெர்காதாதான். யாரும் நியமிக்கவில்லை. அவளே நியமித்துக்கொண்டாள். "எறும்பு கொட்டாவி விட்டாக்கூட எனக்குத் தெரியும்" என்பாள். பஸ்காவுக்கு முந்தின வாரம் பெண்கள் தட்டும் கையுமாக அவள் வாசலில் வந்து நிற்பார்கள். அவள் ராணி மாதிரி உட்கார்ந்து, "இது அரிசியா, கோழித் தீனியா?" என்று ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு வசவு வைத்துவிட்டுத்தான் பொறுக்கித் தருவாள். வருடம் முழுக்கத் துணி வெளுத்து வெடித்துப்போன கைகளுக்கு அந்த ஒரு வாரம்தான் மரியாதை.

போன வருடம் இரண்டு குடும்பமும் வழக்கம்போல ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தபோது, ஜோயாவின் புருஷன் சபெத்தாயின் தட்டில், வெந்து விரிந்த கோதுமை மணி ஒன்று எல்லோரையும் பார்த்துச் சிரித்தது. சட்டி வெளியே போனது. தட்டுகள் வெளியே போயின. பிள்ளைகள் சோற்றுக்கு அழுதன.

"அக்காவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு" என்றாள் ஜோயா.

"என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகல. அது உன் வீட்டுக்காரர் மீசையிலேருந்து விழுந்தது" என்றாள் மெர்காதா. சபெத்தாய் மாவு மில்லில் மூட்டை அவிழ்க்கிறவர். மீசையும் சாதாரண மீசை இல்லை; அதில் ஒரு குருவி கூடு கட்டினாலும் வெளியே தெரியாது. ஆனால் ஆண்பிள்ளையின் மீசையைப் பற்றிப் பந்தியில் பேசலாமா? பேச்சு முறிந்தது.

அன்றிலிருந்து சகோதரிகள் பூனை வழியாகப் பேசிக்கொண்டார்கள். "பூனையே, வாளியைக் கிணத்துக்குள்ள விட்டவங்க யாருன்னு கேளு" என்பாள் ஒருத்தி. "பூனையே, கயிறு போன வருஷமே இத்துப்போச்சுன்னு சொல்லு" என்பாள் மற்றவள். பூனைக்கு அந்த வருடம் இருந்த மதிப்பு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இந்த வருடம் மெர்காதாவின் வாசலுக்கு ஒரு தட்டுகூட வரவில்லை. அவள் வெள்ளைத் துணியை விரித்துவைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். மூலைவீட்டு லூனா மட்டும் போகிற போக்கில் எட்டிப்பார்த்து, "துணி காயப்போட்டிருக்கியா?" என்று கேட்டாள். மெர்காதா துணியை மடித்து உள்ளே வைத்தாள். தன் வீட்டு ஒரு பிடி அரிசியை மூன்று முறை பொறுக்கினாள். பிறகு, யாருக்கும் தெரியாமல், நாலாவது முறையும் பொறுக்கினாள்.

பஸ்கா மாலை வந்தது. மகள்கள் இருவரையும் கட்டிக்கொடுத்து அனுப்பியாகிவிட்டது. மேசையில் மெர்காதாவும் புருஷன் போஹோரும் மட்டும். போஹோர் என்றால் மூத்த பிள்ளை. எகிப்தில் மூத்த பிள்ளைகள் செத்தபோது இவர்களுடைய மூத்த பிள்ளைகள் தப்பியதற்காக, பஸ்காவுக்கு முந்தின பகல் மூத்தவர்கள் பட்டினி கிடப்பார்கள். துறைமுகத்தில் காலையிலிருந்து மூட்டை தூக்கிவிட்டு, அந்தப் பட்டினி வயிற்றில் முதல் கிண்ணம் திராட்சைரசத்தை ஊற்றிக்கொண்டார் போஹோர். கண் அப்போதே செருகியது.

வீட்டில் சின்னப்பிள்ளை இல்லாததால், பிள்ளைகள் கேட்க வேண்டிய கேள்வியை அவரே ராகம்போட்டுக் கேட்டுப் பார்த்தார். "இந்த ராத்திரி மட்டும் ஏன் மத்த ராத்திரி மாதிரி இல்லே?"

"ஏன்னா, என் கூடப்பிறந்தவ எதிர்வீட்ல உக்காந்துக்கிட்டு வேற சட்டியில திங்கிறா."

"புஸ்தகத்துல அப்படிப் போடலியே."

"அடுத்த தடவை அச்சடிக்கும்போது போடச் சொல்லுங்க."

அடுத்து மூட்டைச் சடங்கு. புளிப்பில்லா அப்பத்தைத் துணியில் முடிந்து தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வெளியே போக வேண்டும். கதவைத் தட்ட வேண்டும். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், வழிக்கு என்ன வைத்திருக்கிறாய் என்று உள்ளே இருப்பவர்கள் கேட்பார்கள். சரியாகச் சொன்னால் கதவு திறக்கும்.

"நீயே போ" என்றார் போஹோர்.

"மூட்டை தூக்குறது உங்க வேலையாச்சே!"

"அதான் சொல்றேன். வருஷம் பூரா தூக்குறேன். விடுதலையான ராத்திரிகூட நானேவா?"

மெர்காதா விளக்கோடும் மூட்டையோடும் வெளியே வந்தாள். முறைப்படி நடக்க வேண்டும் என்று போஹோர் உள்ளே தாழ்ப்பாளும் போட்டார். அது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது அவருக்கு.

அவள் தட்டினாள். சத்தமில்லை. மறுபடி தட்டினாள். உள்ளேயிருந்து கேள்வி வரவில்லை, குறட்டை வந்தது.

தூறல் போட ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் கதவும் திறந்து, தோளில் மூட்டையோடு சபெத்தாய் வெளியே வந்தார். ஒரே முற்றத்தில் இரண்டு எகிப்துகள். பூனை எதிலும் மாட்டாமல் மரத்தில் இருந்தது.

"அண்ணி... நனையிறீங்களே" என்றார் சபெத்தாய், பேசலாமா கூடாதா என்று தெரியாமல்.

மெர்காதா விளக்கை உயர்த்தினாள். முகத்தில் ஒரு முறைப்பு முறைத்துவிட்டுத் திரும்பிக்கொள்ளலாம் என்றுதான். ஆனால் அந்தக் கண் சும்மா இருக்குமா? பண்டிகைக்கு மட்டும் போடும் கறுப்புக் கோட்டு, மற்ற நாளெல்லாம் மில் சட்டையோடு ஒரே ஆணியில் தொங்குவது. இரண்டாவது பொத்தான் ஓட்டை. அதன் தையலில் சிக்கிக்கொண்டு, நிறைமாதக்காரி மாதிரி வயிறு பெருத்து, ஒரு கோதுமை மணி.

மீசை இல்லை. கோட்டு! ஒரு வருடமாகத் தப்பான இடத்தைச் சந்தேகப்பட்டிருக்கிறாள்.

மெர்காதா நல்லவள், உடனே மனம் இளகிவிட்டாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவள் வாயைத் திறந்தாள். ஒரு கூப்பாடு போட்டால் போதும். ஏழு வாசலும் திறக்கும், லூனா முதல் ஆளாக வருவாள், நாளைக்கே தட்டுகள் வரிசை கட்டும். ஜோயாவின் சட்டி மறுபடி வெளியே போகும், போகட்டும். மூச்சை நன்றாக இழுத்தாள்.

அப்போது கதவுக்குள்ளே ஜோயாவின் கடைக்குட்டி கேட்டது: "அம்மா, இந்த வருஷமாவது சோறு உண்டாம்மா?"

"உண்டு. ஏழு தடவை பொறுக்கியிருக்கேன்."

"பெரியம்மா மூணு தடவைதானே பொறுக்குவாங்க?"

ஜோயா சொன்னாள்: "பெரியம்மாவுக்கு மூணு போதும். எனக்கு அந்தக் கண்ணு இல்லே."

மெர்காதா இழுத்த மூச்சு அப்படியே நின்றது. இவ்வளவு மூச்சை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கோதுமையைக் கையால் எடுக்கலாம் என்றால் பண்டிகை நேரத்தில் தொடக்கூடாது. அவள் சபெத்தாயின் நெஞ்சுக்கு நேரே குனிந்து, ஃபூ என்று ஊதினாள்.

"அண்ணி! என்ன பண்றீங்க?"

"அசையாதீங்க, மாப்ளே."

இரண்டாவது ஊதலில் மணி தெறித்துக் கிணற்றடிக் கல்லில் விழுந்தது. காய்ந்த கோதுமையால் பாவமில்லை என்று மதகுருவான ராவ் சொல்லலாம். ஆனால் மழையில் நனைகிற கோதுமை? பண்டிகைக்குள் அப்படி ஏதாவது கண்ணில் பட்டால், எரிக்க அனுமதியுள்ள நடுநாள் வரும்வரை மேலே ஒரு பாத்திரத்தைக் கவிழ்க்க வேண்டும். கிணற்றோரம் கிடந்த வாய் உடைந்த பூச்சட்டியை எடுத்து அதன் மேல் கவிழ்த்தாள். சபெத்தாய் கல்லைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், முகம் வெளிறியது.

"அப்போ போன வருஷமும்..."

"வாயை மூடிக்கிட்டுக் கதவைத் தட்டுங்க."

தட்டினார். உள்ளேயிருந்து ஜோயாவும் பிள்ளைகளும் ஒரே குரலில் கேட்டார்கள்: "எங்கேருந்து வர்றே?"

சபெத்தாய் இன்னும் அந்தப் பூச்சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். சொந்த வீட்டு வாசலில் பதில் தெரியாமல் ஒரு மனுஷன் எவ்வளவு நேரம்தான் நிற்பது? மழை வேறு வலுக்கிறது. கடைசியில் மெர்காதாவே சொன்னாள்.

"எகிப்துலேருந்து."

அந்தக் குரலை அந்த வீடு ஒரு வருடமாகப் பூனை மூலமாக மட்டுமே கேட்டிருந்தது. இந்தத் தடவை ஜோயாவின் குரல் மட்டும் கேட்டது: "எங்கே போறே?"

"எருசலேமுக்கு."

"எருசலேமுக்குப் போறவ எதுக்கு என் வாசல்ல நிக்கிறா?"

"என்ன பண்றது, எங்க வீட்டுப் பார்வோன் தாழ்ப்பாளைப் போட்டுட்டுத் தூங்கிட்டாரு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஜோயாவாக இருக்காது என்று மெர்காதா நினைத்தாள். ஜோயாதான்.

"வழிக்கு என்ன வச்சிருக்கே?"

புளிப்பில்லா அப்பமும் கசப்புக்கீரையும் என்று சொல்ல வேண்டும். தாடையிலிருந்து தண்ணீர் சொட்ட மெர்காதா சொன்னாள்: "ஒரு பிடி அரிசி. நாலு தடவை பொறுக்கினது."

"நாலா?" என்றாள் ஜோயா. தாழ்ப்பாள் விலகியது. "உள்ள வா. ஈரத்தோட மேசையைத் தொடாதே."

பிள்ளைகள் ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவை அடித்த அடியில் போஹோர் விழித்துக்கொண்டு, "எங்கேருந்து வர்றே?" என்று கத்தினார். அவரையும், அவருடைய தலையணையையும், பண்டிகைக்கென்று வேகவைத்த பழுப்பு முட்டைகளையும் கிணற்றைச் சுற்றித் தூக்கி வந்தார்கள். அந்த ராத்திரி ஜோயாவின் சோற்றை மெர்காதா இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். ஒவ்வொரு கவளத்தையும் உற்றுப் பார்த்துத்தான் சாப்பிட்டாள், பழக்கம் விடுமா?

முற்றத்தின் நடுவே கவிழ்த்த சட்டி இரண்டு நாள் அப்படியே கிடந்தது.

"உள்ள என்ன?" என்றாள் லூனா.

"எலி."

"செத்ததா, உசிரோடவா?"

"திறந்து பாரேன்."

லூனா திறக்கவில்லை. சொல்லவேண்டிய ஒரு விஷயத்தைச் சொல்லாமல் மெர்காதா இரண்டு நாள் இருந்தது அவள் வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. கிணற்றடிக்கு வரும்போதெல்லாம் முந்தானை போல் தலைத்துணியை இழுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். பல்வலியா என்று போஹோர் கேட்டார்.

மூன்றாம் நாள், பண்டிகையின் நடுநாட்கள் தொடங்கியதும், எரிக்க நெருப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே ஜோயா.

"எலிக்குக் கொள்ளி வைக்கப் போறியாக்கா?" என்று கேட்டுக்கொண்டே சட்டியைத் தூக்கினாள். உள்ளே கோதுமை மணி ஊறிப் பருத்து, வெள்ளையாக ஒரு முளையும் விட்டிருந்தது. ஜோயா அதைப் பார்த்தாள். கொடியில் தொங்கிய கறுப்புக் கோட்டைப் பார்த்தாள். வாசலில் நின்ற சபெத்தாயைப் பார்த்தாள். அவர் அத்திமரத்தைப் பார்த்தார்.

"இது எங்க வீட்டு எலி மாதிரி இருக்கே."

"இருக்கலாம்."

"போன வருஷ எலிக்குத் தம்பியா?"

"எலிகிட்ட நான் பேர் கேக்கல" என்று சொல்லி, மெர்காதா நெருப்பை வைத்தாள். மணி பட்டென்று வெடித்தது.

ஜோயா மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. உள்ளே போனாள், ஏழு முறை பொறுக்கி வைத்திருந்த மீதி அரிசியைத் தட்டோடு கொண்டுவந்து அக்காவின் வாசலில் வைத்தாள். "எட்டாவது தடவை நீ பாரு."

மூலைவீட்டு ஜன்னல் திறந்தது. லூனா பார்க்கிறாளா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை உறுதிசெய்துகொண்டுதான் மெர்காதா வெள்ளைத் துணியை உதறி விரித்தாள்.

"இது அரிசியா, கோழித் தீனியா?" என்றாள். பிறகு தலையைத் தூக்காமலே, "மாப்ளே, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம்" என்றாள்.

சபெத்தாய் கோட்டில்லாமல், இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டு, அத்திமரத்தடியில் பூனைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.