பெட்டி ஆறட்டும்

அந்தப் பெட்டியின் மூடிமேல் இன்றும் சாயங்காலம் ஒருமுறை கை வைத்துப் பார்ப்பேன். ஒரு சாண் அகலம், சாணும் நாலு விரலும் நீளம், அலுமினியத் தகடு. என் கணவர் தன் கையால் செய்த வானொலிப் பெட்டி. பாட்டுக் கேட்கும் ரேடியோ இல்லை. இதில் பேசினால் எங்கோ இன்னொரு பெட்டியில் ஒருவர் கேட்டுப் பதில் பேசுவார். பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, இப்படிக் காற்றில் பேசிக்கொள்வதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் கூட்டம் ஒன்று உண்டு. எண்பதுகளில் நாங்கள் இருவருமே அதில் சேர்த்தி. இப்போது தொட்டால் பெட்டி சில்லென்று இருக்கிறது. சுடச்சுட இருந்த பெட்டி இது.

அவர் இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேன். அவர் முதலில் செய்த பெட்டி பீரோவுக்குத் தம்பி மாதிரி இருக்கும். தூக்க இரண்டு ஆள் வேண்டும். உள்ளே ஒவ்வொரு பாகமும் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். எவ்வளவு நேரம் பேசினாலும் சூடு தெரியாது, குரல் பிசகாது. அதில் பேசுவதெல்லாம் அவர்தான். நான் பக்கத்தில் இருந்து கேட்பதோடு சரி. எனக்குப் பேச்சு வராது. கேட்டதற்கு ஆமாம், இல்லை, அதோடு முடிந்தது.

ஆந்திராப் பக்கம் மில்லுக்குப் புதுக்கிளை தொடங்கியபோது அவரை இரண்டு வருஷத்துக்கு அங்கே அனுப்பினார்கள். அதே சமயம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் என் அப்பா பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். நான் ஒரே மகள், போகாமல் முடியுமா? பெரிய பெட்டி என்னோடு மடவார் வளாகத்துக்கு வந்தது. அவர் கொண்டுபோக ஒரு சின்னப் பெட்டி செய்தாக வேண்டும். டிரங்குப் பெட்டியில் துணிமணி போக மிச்சமிருந்த இடத்தை நான்தான் சாண் போட்டு அளந்தேன்.

"இதுக்குள்ள அடங்கணும்" என்றேன்.

"நீ பாட்டுக்குச் சாண் போட்டுச் சொல்லிட்டட்டி. எல்லாம் ஒன்னு மேல ஒன்னு உக்காந்தா சூடு எங்குட்டுப் போகும்? திருகைப் பிடிக்க என் விரலுக்கு இடம் வேணாமா?"

"மூணு பேரு தங்குத ரூமுக்குப் பீரோவையா தூக்கிட்டுப் போவிய?"

வாயில்லாப்பூச்சியான நான் அன்றைக்கு ஜெயித்துவிட்டேன். அவர் என் சாணுக்குள்ளேயே அடக்கினார். அதற்காக, சுடுகிற டிரான்சிஸ்டரையும் அலைவரிசையைப் பிடித்து நிறுத்துகிற கம்பிச்சுருளையும் தோளோடு தோள் உரச வைக்க வேண்டியதாயிற்று. டிரான்சிஸ்டர் சுட்டால் சுருளும் சுடும். சுருள் சுட்டால் அலைவரிசை நழுவிக்கொண்டே போகும்.

அவர் ஆந்திராவில் போய் இறங்கிய மறுநாள் சாயங்காலம் ஆறு மணி. வைத்தியநாத சுவாமி கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் குரல் தெளிவாக வந்தது. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கீச்சுக் கீச்சென்று பொம்மைக் குரலாகிவிட்டது! நான் திருகைத் திருப்பித் திருப்பி அந்தக் குரலைத் துரத்தினேன். பிடித்தால் மறுபடி நழுவும். என் முறை வந்தபோதும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சிரிக்காதட்டி, எல்லாம் உன் சாணோட லட்சணம். பெட்டி ஆறட்டும், அதுவரைக்கும் நீ பேசு. ஓவர்."

'ஓவர்' என்றால் என் பேச்சு முடிந்தது, இனி உன் முறை என்று அர்த்தம்; முறை வந்தவர் பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தால் பெட்டி சுடாது, பேசினால்தான் சுடும். ஆகவே அது ஆற வேண்டுமென்றால் நான் பேசியாக வேண்டும். காற்றில் யார் யாரோ கேட்பார்கள், புருஷனிடம் என்னத்தைப் பேசுவது? அப்பா ரெண்டு இட்லி சாப்பிட்டார் என்றேன். பக்கத்து வீட்டு முருங்கை முறிந்து விழுந்தது என்றேன். "இன்னும் ஆறல" என்றார். போகப்போக, பகலெல்லாம் எதைப் பார்த்தாலும் இதைச் சாயங்காலம் சொல்லணும் என்று முடிந்து வைக்க ஆரம்பித்தேன். எங்கள் குடும்பத்தில் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொல்லும் வழக்கமில்லை. காற்றிலோ, லைசென்சில் கொடுத்த அழைப்புக்குறியைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வெறும் எழுத்தும் எண்ணும்தான். அதைச் சொல்லும்போது அப்படியொரு சந்தோஷம் எனக்கு. அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியாமல் போன அன்று பொத்தானை அழுத்திக்கொண்டு அழுதேன். முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

முதல் சில வாரங்களுக்குப் பிறகு கீச்சுக் குரல் வரவில்லை. சுடுவதற்கு முன்னாலேயே நிறுத்திக்கொள்கிறார், பாவம், என்று நினைத்தேன். அவர் ஒரு நிமிஷம் பேசினால் நான் பத்து நிமிஷம் பேசினேன். ஊருக்குத் திரும்பி வந்த பிறகும், எதிரெதிரே உட்கார்ந்து நான் சும்மா இருந்தால், "பெட்டி ஆறட்டும்" என்பார். உடனே எனக்குப் பேச்சு வந்துவிடும்.

அவர் போய் நாலு வருஷமாகிறது. போன மாதம் தூசு தட்டலாம் என்று முதல்முறையாக மூடியைக் கழற்றினேன். டிரான்சிஸ்டர், அவர் பெட்டியைச் செய்தபோது நான் பார்த்த இடத்தில் இல்லை. சூடு வெளியே போகும்படி அதைப் பின்பக்கத் தகட்டோடு சேர்த்துப் பொருத்தியிருந்தார். சுருளுக்கும் அதற்கும் நடுவே ஒரு தகரத் தடுப்பு. மில்லில் எந்த மெஷினைத் திறந்து பழுது பார்த்தாலும், மூடியின் உட்பக்கம் தேதி எழுதிவிட்டுத்தான் மூட வேண்டும். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. பென்சிலில், அவருடைய சாய்ந்த கையெழுத்தில், "சூடு சரி செய்தது" என்றும் ஒரு தேதியும். அவர் ஆந்திராவுக்குப் போன இரண்டாம் மாதத்துத் தேதி.

அடப்பாவி மனுசா! மிச்சமிருந்த இருபத்திரண்டு மாதமும் பெட்டி சுடவே இல்லை. சுடாத பெட்டியை ஆற வைக்கத்தான் நான் அத்தனையும் பேசியிருக்கிறேன். தரையில் உட்கார்ந்து சிரித்தேன், பிறகு அழுதேன். பேரன் வைத்திருக்கும் செல்போன் உள்ளங்கைக்குள் அடங்குகிறது, யார் குரலும் நழுவுவதில்லை. யாரும் யாரையும் ஆற வைக்கவும் வேண்டியதில்லை.

இப்போதும் ஆறு மணி. கோயில் மணி கேட்கிற தூரத்தில் நான் இல்லை. மூடிமேல் கை வைத்து அவருடைய அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிடுகிறேன். இன்று நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி முடிக்கிறேன்.

பெட்டி நல்லா ஆறிட்டுதுங்க. நீங்க பேசுங்க. ஓவர்.