அநேகமாக ஒன்றும் இல்லை

ஃபிலிம் கழுவும் மருந்துக்கு ஒரு புளித்த வாடை உண்டு. தொண்ணூறுகளின் நடுவில் தி.நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். சாயந்திரம் மயிலாப்பூருக்கு பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் இருப்பவர் மூக்கைத் தேய்ப்பார். வாடை என் புடவையில்தான்...

டாக்டர் சொல்லச் சொல்ல நான் ரிப்போர்ட் அடிக்க வேண்டும். மனுஷர் எதையும் நிச்சயமாகச் சொல்ல மாட்டார். 'ப்ராபப்ளி', 'பாசிப்ளி', 'அப்பியர்ஸ் டு பி', 'ஐ வுட் திங்க்'... காபி வேண்டுமா டாக்டர் என்று கேட்டால்கூட 'பர்ஹாப்ஸ்' என்பார். என் மெஷினில் முதலில் தேய்ந்தது 'பி' எழுத்துதான்.

பி.ஏ. இங்கிலீஷ் படித்த திமிர் எனக்கு. இந்த வார்த்தைகளெல்லாம் ஒப்புக்குச் சப்பாணி என்றே நினைத்திருந்தேன்.

ரிப்போர்ட் கவரைக் கொடுப்பதும் என் வேலை. உள்ளே என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும், "டாக்டர்கிட்ட காட்டுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அது ரூல்.

ஒரு சனிக்கிழமை கோட்டூர்புரத்திலிருந்து ஒரு ஆட்டோக்காரர் வந்தார். அவர் மனைவிக்கு மார்பில் கட்டி; இரண்டு நாள் முன்பு ஸ்கேன் எடுத்திருந்தோம். கவரை வாங்கியவர் நகரவில்லை.

"இன்னா மேடம் போட்டுக்கீது? நல்லதா, கெட்டதா... அத்த மட்டும் சொல்லுங்க."

'ப்ராபப்ளி பினைன்' என்று அடித்தவளே நான்தான். அநேகமாகக் கெட்ட கட்டி இல்லை, ஊசி டெஸ்ட் எடுத்தால்தான் நிச்சயம் என்று அர்த்தம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து 'அநேகமாக' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒண்ணும் இல்லீங்க, கவலைப்படாம போங்க என்று சொல்லிவிட்டேன்.

கும்பிட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டே படியிறங்கினார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. சாயந்திரம் டாக்டரிடம் பெருமையாக வேறு சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எனக்கே தெரியலைன்னுதானேம்மா அப்படி எழுதினேன். உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

என் பேச்சை நம்பி அந்த அம்மா டெஸ்ட்டுக்கே போகாமல் இருந்துவிட்டால்? சோறு இறங்கவில்லை. ஞாயிறு காலை ரெஜிஸ்டரில் இருந்த விலாசத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஆற்றோரக் குடியிருப்பு. அவர் சவாரிக்குப் போயிருந்தார். அந்த அம்மா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். நான் சொன்னது தப்பு, ஊசி டெஸ்ட் கட்டாயம் எடுக்க வேண்டும் என்று தடுமாறித் தடுமாறிச் சொல்லி முடித்தேன்.

அவர் துணியைப் பிழிந்து வாளியில் போட்டார்.

"தெரியும் கண்ணு. ஒண்ணும் இல்லாததுக்கு யாராச்சும் ஒரு பக்கம் எழுதுவாங்களா? ரெண்டு நாளா சோறே துன்னல எங்கூட்டு ஆளு. நேத்துதான் துன்னுச்சு. நாளைக்கு நான் டாக்டராண்ட போறேன். நீ அதாண்ட சொல்லிடாத."

டெஸ்ட்டில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. அவர்கள் எங்கள் சென்டருக்கு மறுபடி வரவில்லை. நல்ல சேதி என்றே எடுத்துக்கொண்டேன்... அநேகமாக.

இப்போது ரிப்போர்ட் மொபைலுக்கே வந்துவிடுகிறது. கவரும் இல்லை, நின்று கேட்பதற்கு கவுன்ட்டரும் இல்லை. போன வாரம் எனக்கே ஒன்று வந்தது. அதே இரண்டு வார்த்தைகள். எத்தனை முறை அடித்திருப்பேன்... முதல் வார்த்தையை இப்போதுதான் படிக்கிற மாதிரி இருந்தது. பயமாகவும் இருந்தது.

வீட்டுக்காரர் தட்டில் கை வைக்காமல் என்னையே பார்த்தார். என்ன போட்டிருக்கு என்றார்.

"ஒண்ணும் இல்லை. சாப்பிடுங்க."

ஊசி டெஸ்ட் வியாழக்கிழமை காலை. ஆபீஸுக்கு அவர் கிளம்பியதும் ஆட்டோ பிடித்துப் போய்க்கொள்வேன். இந்தப் பக்கத்தையெல்லாம் அவர் படிப்பதில்லை. நீங்கள் யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.