திருவண்ணாமலைக்குப் போன பொம்மைச் செங்கல் வீடு

தாம்பரத்தில் பஸ் ஏறும்போதே தகராறு. என் கையில் டி.வி. பெட்டி அளவுக்கு ஓர் அட்டைப் பெட்டி. மேலே கம்பியில் வைத்தால் விழும், காலடியில் வைக்க மனசு வரவில்லை. சன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பெட்டியை உட்கார வைத்தேன். கண்டக்டர் வந்தார்.

"இன்னா பெரியவரே இது? சீட்டுல ஆளு உக்கார வேணாமா?"

"அதுக்கும் ஒரு டிக்கெட் குடுங்க."

"பெட்டிக்கா?"

"பெட்டி இல்லைங்க. வீடு. உள்ள என் வீடு இருக்குது."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டைத் தூக்கிக்கினு ஊருக்குப் போற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்று சொல்லி இரண்டு டிக்கெட் கிழித்தார். ஒன்று ஐம்பத்தெட்டு ரூபாய். 2006-ஆம் வருஷம், ஒரு சனிக்கிழமை, விடிந்தும் விடியாத நேரம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். செய்யாறு பக்கம் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சென்னைக்கு மண் சுமக்க வந்தவன். கொத்தனார் கரண்டி பிடித்தேன், மேஸ்திரி ஆனேன், காண்டிராக்டர் ஆனேன். தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் மூன்று ஊரிலும் நான் கட்டிய வீடு இல்லாத தெருவைக் காட்டுங்கள் பார்க்கலாம். ஒரு வீட்டில் ஒரு விரிசல்? கிடையாது. இஞ்சினியர் படித்தவர்கள் என் அஸ்திவாரத்தை வந்து பார்த்துவிட்டுப் போனதுண்டு. எனக்கென்று கட்டியது சேலையூரில், மாடியும் கீழுமாக நான்கு படுக்கையறை. வீட்டுக்காரி காலமாகி நான்கு வருஷம். மகன் குடும்பத்தோடு அமெரிக்காவில். நான்கு அறையில் மூன்று பூட்டியிருக்கிறது.

பெட்டிக்குள் இருந்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். முந்தின வருஷம் மகன் வந்தபோது பேத்தி யாழினி ஒரு சூட்கேஸ் நிறையப் பொம்மைச் செங்கல் கொண்டுவந்தாள். தலையில் குமிழ் வைத்த சின்னச் சின்ன பிளாஸ்டிக் கட்டைகள்; ஒன்றின்மேல் ஒன்று வைத்து அழுத்தினால் டிக்கென்று பிடித்துக்கொள்ளும். திரும்பும்போது விமானத்தில் எடை ஜாஸ்தி என்று சூட்கேஸை இங்கேயே விட்டுவிட்டார்கள். அடுத்த லீவுக்கு வருவதாகப் பேச்சு. வரவில்லை. நான் சூட்கேஸைத் திறந்தேன். இரண்டு மாதத்தில் என் வீட்டை அப்படியே கட்டினேன்: போர்ட்டிகோ, மாடிப்படி, தண்ணீர்த் தொட்டி எல்லாம். என் வீட்டின் பிஸ்தா பச்சை அந்தக் கட்டைகளில் கிடையாது. சுவருக்கு வெள்ளையும் மஞ்சளும், கதவுக்கு நீலம்.

போனில் சொன்னபோது மகன் சிரித்தான். "இதுக்குன்னே பெரியவங்க கூட்டம் இருக்குதுப்பா. திருவண்ணாமலையில ரெண்டு நாள் கண்காட்சி வைக்கிறாங்களாம். அவங்கவங்க கட்டுனதை எல்லாம் சேர்த்து ஒரு ஊர் மாதிரி அடுக்கி, போட்டோ எடுத்து கம்ப்யூட்டர்ல போடுவாங்க. நீங்க போங்க. யாழினிக்குக் காட்டுறேன்." அவனே அங்கிருந்து என் பெயரைப் பதிந்துவிட்டான். பேத்திக்கு அந்த வீடு தெரியும். அந்த மாடிப்படியில் பத்து நாள் ஏறி இறங்கியவள். ஊருக்கு நடுவில் என் வீடு நிற்பதை அவள் பார்க்க வேண்டும். நான் பஸ் ஏறியது அதற்காகத்தான்.

திண்டிவனத்தில் ஒரு காபி, செஞ்சியில் இரண்டு இட்லி. கோட்டைப் பாறைகளைத் தாண்டிக் கீழ்பென்னாத்தூர் வந்தால் இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலைப் பச்சை. அங்கேயே மலை கண்ணில் பட்டுவிடும். பஸ்ஸில் பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன், பெட்டியை ஒரு கையால் பிடித்தபடி.

பஸ் நிலையத்திலிருந்து செங்கம் ரோட்டு மண்டபத்துக்கு ஆட்டோ முப்பது ரூபாய். டிரைவர் வாயாடி.

"கல்யாணமா சார்? இன்னிக்கு முகூர்த்தம் இல்லியே."

"கல்யாணம் இல்லப்பா. வீடு கட்டுறவங்க கூட்டம்."

"சிமென்ட் கம்பெனியா? அப்ப சாப்பாடு பலமா இருக்கும். பையும் குடுப்பானுங்க."

மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்தான் கண்காட்சி. இலை போடும் நீள மேசைகளை ஒன்றாகச் சேர்த்து வெள்ளைத் தாள் விரித்திருந்தார்கள். இருபது பேர் இருக்கும். எல்லாரும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். ஒருவர் தரையில் படுத்துக்கொண்டு ரயில் பாலத்துக்கு அடியில் எட்டிப் பார்த்தார். அவர் பேங்க் மேனேஜராம். கூட்டத்தை நடத்துபவர் சுதாகர், வேலூரில் பல் டாக்டர். அவர் கொண்டுவந்தது ரயில் நிலையம். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் வேலை பார்க்கும் கலைச்செல்வி என்ற அம்மா கட்டியது ராஜகோபுரம், என் இடுப்பு உயரம். பதினோரு நிலையும் சரியாக இருந்ததை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பாராட்டினேன்.

"ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியாதுங்கய்யா" என்றார் அந்த அம்மா. "தெரிஞ்சா கோபுரம்னே பேர் வச்சுருவாங்க. மாமியார் வேற, புள்ளைங்க வெளையாடுறதை நீ வெளையாடுறியேன்னு ஒரே பாட்டு."

எனக்கு உடனே அந்தக் கூட்டம் பிடித்துப்போனது. பெட்டியைப் பிரித்து வீட்டை வெளியே எடுத்தேன். ஆட்கள் சுற்றி வந்தார்கள். "படிக்கட்டைப் பாருங்க, திருப்பத்தை எப்படி மடக்கியிருக்கார்" என்று ஒருவர் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது வீடு கொண்டுவந்தால் முதலில் கூரையைத் தூக்கி உள்ளே பார்ப்பார்கள். நாம் ஒருவர் வீட்டுக்குள் போய்த் தண்ணீர் வாங்கிக் குடிப்பது மாதிரி அது ஒரு மரியாதை. டாக்டர் என் மொட்டை மாடியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். வரவில்லை. அழுத்திப் பிடித்து இழுத்தார். வீடே மேசையை விட்டு எழுந்தது.

"ஐயா... ஒட்டிட்டீங்களா?"

"பின்ன?" என்றேன். "முதல்ல சும்மாதான் கட்டுனேன். வேலைக்காரம்மா தொடப்பம் பட்டு ஒரு மூலை சரிஞ்சிது. நான் கட்டுன வீடு சரியிறதா? பைப்புக்குப் போடுற பசையை வாங்கியாந்து ஒவ்வொரு கட்டைக்கும் போட்டேன். இப்ப மேல ஏறி நில்லுங்க, ஒண்ணும் ஆவாது. வேணும்னா கீழ போட்டுக் காட்டவா?"

கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். துக்க வீட்டுக்குள் தப்பாக நுழைந்தவனைப் பார்ப்பதுபோல எல்லாரும் பார்த்தார்கள். பேங்க் மேனேஜர் தரையிலிருந்து எழுந்து வந்து வீட்டைத் தொட்டுவிட்டு, "எல்லாத்தையுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

பிறகு டாக்டர்தான் விளக்கினார். இந்தக் கட்டையைப் பிரிக்க முடிந்தால்தான் கட்டை. இன்றைக்குக் கோபுரம், நாளைக்குக் கப்பல், அடுத்த மாதம் வேறு ஒருவர் கையில் பாலம். பசை போட்டுவிட்டால் அந்தக் கட்டைக்கு ஆயுசு முடிந்தது என்பது அவர்கள் கணக்கு. ஊருக்குள் வைக்கிற எதிலும் பசை கூடாது. கூட்டம் ஆரம்பித்த நாளிலிருந்து அதுதான் சட்டம்.

"ஓரத்துல வச்சாக்கூடப் போதும் டாக்டர்" என்றேன். நான் யாரிடமும் அப்படிக் கேட்டவன் இல்லை. "போட்டோவுல தெரிஞ்சாப் போதும். அமெரிக்காவுல பேத்தி பாப்பா."

அவருக்கும் சங்கடம்தான். "போன வருஷம் ஒரு நண்பரோட கப்பலையே வெளிய வச்சோம்யா. அதுல ஒரே ஒரு கொடிக்கம்பம்தான் ஒட்டியிருந்துச்சு. உங்களுக்கு மட்டும் எப்படி..." என்று இழுத்தார்.

சட்டம் என்றால் சட்டம்தான். என் வேலைத்தளத்தில் நானும் அப்படித்தான். வாசல் பக்கம், செருப்பு விடும் இடத்துக்கு எதிரே, எனக்கு ஒரு தனி மேசை போட்டார்கள்.

சாயங்காலம் அவர்கள் கூடி உட்கார்ந்து தெருக்களை இணைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வெளியே வந்து ஓர் ஆட்டோ பிடித்து அடி அண்ணாமலை வரை போனேன். பௌர்ணமி இல்லாத நாள். கிரிவலப் பாதையில் கூட்டம் கம்மி. டீக்கடையில் பாதிப் பெஞ்சைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கடைக்கார அம்மா டீயை ஆற்றிக்கொண்டே விசாரித்தார்.

"தனியாவா வந்தீங்க?"

"ஆமாம்மா."

"பௌர்ணமிக்கு வந்துருக்கணும் நீங்க. இந்த ரோட்டுல கால் வைக்க எடம் இருக்காது. தனியா வந்தவங்களுக்குக்கூடத் தனியா வந்தாப்பல இருக்காது."

அவர் வியாபாரத்துக்குச் சொன்னார். டீ நன்றாக இருந்தது, மூன்று ரூபாய். இரண்டாவதும் வாங்கிக் குடித்தேன். லாட்ஜ் அறைக்குப் போய் என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். மேசைமேல் கட்டிய ஊர் பிரமாதமாக இருந்தது, இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகும். கோபுரம், அதைச் சுற்றி நான்கு தெரு, ரயில் நிலையம், சந்தை, தண்ணீர் லாரி. கோபுரத்தைப் பார்த்த ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். என் மேசைக்கு வந்தவர்கள், "இங்கதான் பேர் குடுக்கணுமா?" என்று கேட்டார்கள். மூன்று பேர் செருப்புக்கு டோக்கன் கேட்டார்கள். சுவர் ஏன் இரண்டு நிறம் என்று ஒருவராவது கேட்பார், சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

மத்தியானம் டாக்டர் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஊரைப் போட்டோ எடுத்தார். கலைச்செல்வி அம்மா என்னிடம் ஓடி வந்தார்.

"ஐயா, உங்க வீட்டைத் தனியா ஒரு போட்டோ எடுக்கச் சொல்றேன். அதையும் கம்ப்யூட்டர்ல போட்டுருவாங்க."

"தனியா எதுக்கும்மா? வேணாம்."

"பேத்தி பாப்பாங்களேய்யா."

"ஊருக்குள்ள நிக்காத வீட்டைப் போட்டோ புடிச்சு இன்னா ஆவப்போவுது? விடுங்க."

சொல்லி வாயை மூடுவதற்குள், எடுக்கட்டுமே என்று இருந்தது. ஆனால் அந்த அம்மா திரும்பிப் போய்விட்டார். கூப்பிட்டு மறுபடி கேட்க எனக்குப் பழக்கமில்லை.

நான்கு மணிக்குப் பிரிக்க ஆரம்பித்தார்கள். கண்காட்சியில் நான் கண்ட நல்ல காட்சி அதுதான், ஆனால் அதைப் பார்க்க ஊர்க்காரர்கள் யாரும் இல்லை. சமுக்காளத்தை விரித்து எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருவர் கட்டியதை மற்றவர் பிரிக்கிறார். நிறத்துக்கு ஒரு தாம்பாளம். கட்டைகள் மழை பெய்கிற மாதிரி விழுகின்றன. "உன் ஸ்டேஷனைப் பேத்துட்டேன்டா" என்று ஒருவர் கத்த, "பல்லு புடுங்குற ஆளோட கூரையைப் புடுங்குறது எவ்ளோ சொகமா இருக்கு" என்று இன்னொருவர் சொல்ல, டாக்டர் சிரித்துச் சிரித்து இருமினார். கல்யாண வீட்டில் பந்தி முடிந்த பிறகு வீட்டு ஆட்கள் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவார்களே, அந்த மாதிரி.

"வாங்கய்யா, சும்மா நிக்கிறீங்களே. கோபுரத்துல கை வைங்க" என்றார் கலைச்செல்வி அம்மா. உட்கார்ந்தேன். மேல் நிலையிலிருந்து பிரித்தேன். வாழ்நாளில் நான் கட்டியவன். இடிக்கிற வேலைக்கு வேறு ஆள் வைப்பேன். நகம் நுழையவில்லை. அந்த அம்மா ஒரு கட்டையை நெம்புகோல் மாதிரி வைத்துக் கிளப்பும் வித்தையைக் காட்டினார். மூன்று நிலை பிரித்தேன். அதற்குள் அடுத்த கூட்டத்தை எங்கே வைப்பது, யார் எதைக் கட்டுவது என்று பேச்சு போயிற்று. சாம்பல் கட்டை இவருக்கு, சிவப்பு அவருக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். வட்டத்தில் போடுவதற்கு என்னிடம் ஒரு கட்டைகூட இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். ஆகவில்லை.

திரும்பும்போதும் இரண்டு டிக்கெட். இந்தக் கண்டக்டர் எதுவும் கேட்கவில்லை. செஞ்சிக்கு முன்பே இருட்டிவிட்டது. அந்த இருபது பேருடைய ஊர் இப்போது இருபது பைகளுக்குள் பல திசையில் போய்க்கொண்டிருக்கும், அடுத்த கூட்டத்தில் மறுபடி ஒன்றாக எழுந்து நிற்கும். என் வீடு பக்கத்து சீட்டில் ஆடாமல் அசையாமல் வந்தது. பசை நல்ல பசை. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

சேலையூரில் கதவைத் திறந்து விளக்கைப் போட்டு, அதைக் கூடத்து ஷோகேஸில் வைத்தேன். திருவண்ணாமலையில் ஒரு கூடத்தில் இருபது பேர். இங்கே ஒரு வீட்டுக்குள் இன்னொரு வீடு, இரண்டிலும் சத்தம் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை மகன் போன் செய்தான். போட்டோ வந்துவிட்டதாம், யாழினி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாளாம். போனை அவளிடம் கொடுத்தான். எப்போதும் அவள் "ஹாய் தாத்தா, பை தாத்தா" என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

"தாத்தா, உங்க வீடு எங்க இருக்கு? நான் பாக்கவே இல்ல."

சொல்லியிருக்கலாம்.

"பெருசா ஒரு கோபுரம் தெரியுதா கண்ணு?"

"ம்."

"அதுக்குப் பின்னாடி ஒரு தெரு போவும், பாரு."

"ட்ரெயின்தான் இருக்கு."

"அது அந்தப் பக்கம். நீ கோபுரத்துக்கிட்டயே வா. நீலக் கதவு. மாடிப்படி இருக்கும்."

மகன் பின்னாலிருந்து, போதும், தூங்கப் போகணும், போனை வை என்று சொல்வது கேட்டது. "இருங்கப்பா, தாத்தா வீடு தேடறேன்" என்றாள். அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் இடது பக்கம் பார்க்கச் சொன்னேன்.